உடல்வாகும் ஈரலும்

கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என நம் முன்னோர் மூன்று உறுப்புகளுக்கு இட்ட பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின், கல், மண், நுரை என்னும் அடைமொழிகள் மூன்றும் தொட்டறிந்த தன்மையைச் சுட்டுவன என்றே எனக்குத் தோன்றுகிறது. நுரையீரல் காற்றடைத்து மெத்தென்றிருப்பது. கல்லீரல் திண்ணென்றிருப்பது. ஆட்டிறைச்சிக் கடையில் ஒருமுறை நின்றவர்க்கும் இது விளங்கும். பெயரிட்டவர் கண்டும் தொட்டுமே பெயரிட்டனர். ஆயினும் உயிரோடு நடமாடும் மனிதனின் கல்லீரலை அவர் காண வழி இருக்கவில்லை. அது வலப்புற விலாவெலும்புகளின் உள்ளே, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டை ஒட்டி, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடன் மறைந்து கிடக்கிறது.

நெட்டையர் ஈரலும் குட்டையர் ஈரலும், பருத்தவர் ஈரலும் மெலிந்தவர் ஈரலும் ஒரே வடிவும் ஒரே அளவும் உடையனவோ? உடலை வெளியே கண்டு உள்ளேயிருக்கும் ஈரலை உய்த்துணரலாமோ? இவ்வினாக்களுக்குக் கத்தியின்றி விடை காண உதவிய கருவியைப் பற்றியும், அவ்விடை நம் போன்றார்க்கு எத்துணைப் பயனுடையது என்பது பற்றியும் சில கூறக் கருதினேன்.

இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு ஈரலோடு என்ன வழக்கு என்று நகைக்கும் அன்பரும் உளராகலாம். உடற்கூற்றைத் தமிழிற் பேசும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலத்துக்கு முன்னரே இருந்தது என்பதை அவர்க்கு நினைவூட்டுவேன். 1847இல் அமெரிக்க நாட்டிலிருந்து இங்கு வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர், மானிப்பாயிலிருந்து மாணாக்கர்க்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் எனப் பெயர் சூட்டி உடற்கூறும் உடற்றொழிலும் உடனலமும் கூறும் நூலை 1850களில் தமிழாக்கினார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தது. கடல் கடந்து வந்த ஒருவர் நம் ஈரலுக்கும் குடலுக்கும் நம் மொழியிலே சொல் தேடி அலைந்தார். அவர் தேடிய சொற்களை நாம் எட்டிப் பார்ப்பதிற் குற்றமில்லை.

உடல்களை வகைப்படுத்தும் ஆசை மிகப் பழையது. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் மிகுதி குறைவைக் கொண்டு உடலின் இயல்பை அளந்தனர் தமிழ் மருத்துவர். வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் அம்மூன்றையே சுட்டுகிறார். யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் இந்நெறியிலேயே நடப்பன. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல் என்பதனால், பித்த உடலினன் என்றால் பெரிய ஈரலினன் என்று பொருள்கொள்வாரும் உளர். அது சொல்லொற்றுமையால் வந்த மயக்கம். நம் நூல்கள் கூறும் பித்தம் உடலின் தொழிற்பாடொன்றைக் குறிப்பது. ஈரலின் நீள அகலத்தைக் குறிப்பதன்று.

உடலின் வெளிவடிவத்துக்கும் உள்ளுறுப்பின் கிடக்கைக்கும் உள்ள தொடர்பை முறைப்பட ஆராய்ந்தவருள் முன்னின்றவர் அமெரிக்க வைத்தியர் வால்ற்றர் மில்ஸ் என்பவர். எக்ஸ் கதிரின் துணைகொண்டு அவர் 1917இல் வெளியிட்ட கட்டுரை உடல்வாகை நான்காக வகுத்தது. வலிமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றை அடியாக வைத்து அவற்றுக்குப் பெயரிட்டனர். தமிழில் அவற்றை மிகுதிண்ணுடல், திண்ணுடல், குறைதிண்ணுடல், நொய்யுடல் எனலாம். இன்றைய பாடநூல்கள் நூறு பேரில் முறையே ஏறத்தாழ 5, 50, 35, 10 பேர் இவ்வகையினர் என்று கூறும். மார்பு அகன்று குறுகிய மிகுதிண்ணுடலில் ஈரல் குறுக்காகப் படுத்துக் கிடக்கும். பித்தப்பை மேலேறி வலப்புறத்தே ஒதுங்கி நிற்கும். மார்பு ஒடுங்கி நீண்ட நொய்யுடலிலோ ஈரல் செங்குத்தாகக் கீழ்நோக்கி இறங்கும். பித்தப்பையும் தாழ்ந்து நடுக்கோட்டை நெருங்கும். அகன்ற பெட்டியில் வைத்த துணி அகன்று மடிவதும் ஒடுங்கிய உறையில் வைத்த துணி நீண்டு தொங்குவதும் போன்றது இது. 1940இல் ஷெல்டன் என்பார் உடலை மூன்றாக வகுத்து, அவ்வகை கண்டு குணமும் சொல்ல முற்பட்டார். அது நிலைபெறவில்லை, ஈண்டு அதனை விட்டுவிடலாம்.

உறை நீண்டதனால் உள்ளிருப்பதும் நீண்டது என்பதை அறியாது, நீண்டதெல்லாம் வீங்கியது என்று கொண்டால் வரும் இடர்ப்பாடு ஒன்றை எம்மூராகிய புங்குடுதீவு மடத்துவெளியில் யான் அருகிருந்து கண்டேன்.

என்னிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி. நெடிய மெலிந்த உடல், ஒடுங்கிய மார்பு. அவளுக்குக் கனடாவிலுள்ள உறவினர் வழியாக ஒரு சம்பந்தம் பேசி முற்றாகும் நிலையில், வயிற்றுவலி ஒன்றுக்காக அவள் வைத்தியரிடம் சென்றாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, விலாவின் கீழே மூன்று விரற்கடை ஈரல் தட்டுப்படுகிறது என்றார். பின்னர் வேறோரிடத்தில் ஸ்கான் எடுத்தபோது ஈரலின் நீளம் 18 சென்ரிமீற்றர் என்று வந்தது. அறிக்கையில் ‘ஈரல் பெருத்துள்ளது’ என ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்விரு இடங்களின் பெயர் ஈண்டு வேண்டா. அந்த ஒரு வரி வாணர் பாலத்தைக் கடந்து ஊருக்குள் வருவதற்கு ஒருநாளும் செல்லவில்லை. அடுத்த வாரம் கனடாவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் நின்றன.

தாய் அறிக்கையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “பண்டிதர் ஐயா, பிள்ளையின்ரை ஈரல் வீங்கிப் போச்செண்டு எழுதியிருக்கினமாம். உதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கோ. குடிக்கிற ஆம்பிளையளுக்கு வாற வருத்தம் இந்தப் பிள்ளைக்கு ஏன் வந்தது?” என்றார். ஈரல் வீக்கம் என்றாலே கள்ளும் சாராயமும் நினைவுக்கு வரும் ஊர் நம்மூர். மஞ்சட்காமாலையோ, ஒட்டிக்கொள்ளும் நோயோ என்று அயலவர் வேறு ஐயுற்றனர். ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் கூறினேன். அதற்குமேல் கூறுவதற்கு என்னிடம் யாதும் இருக்கவில்லை. பட்டணத்தில் இத்துறையிற் சிறந்த வைத்தியர் ஒருவரிடம் மூவருமாகச் சென்றோம்.

அவர் செய்ததை விளக்குமுன் அக்கருவியின் இயல்பைச் சிறிது கூறவேண்டும்.

செவியாற் கேட்கக்கூடிய ஒலி, நொடிக்கு 20,000 அதிர்வுக்கு உட்பட்டது. அதனைக் கடந்ததை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கழியொலி என்று வழங்கும்; தமிழ்நாட்டார் மீயொலி என்பர். இரண்டும் நல்ல சொற்களே. எனினும் என் மனம் கழியொலியின் பக்கமே சாய்கிறது. மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களுள் ‘கழி’ ஒன்று என்பதை நன்னூல் கற்ற மாணவர் அறிவர். அன்றியும் கழி என்பது நெய்தல் நிலத்து உப்பங்கழியையும் குறிக்கும். கழியின் கரையிலே பிறந்தவர்க்கு அச்சொல்லில் ஒரு பற்று இருப்பது இயல்பு. அது நிற்க.

ஈரலைப் பார்க்க நொடிக்கு இருபது இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரையான அதிர்வுடைய ஒலி பயன்படும். கையளவான கருவி ஒலியை உடலுட் செலுத்திவிட்டு, எதிரொலிக்குக் காத்திருக்கும். உடலின் மென்றசையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் செல்லும். 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சென்று மீள, நொடியை ஐயாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு போதும். எதிரொலி மீண்ட காலத்தால் ஆழமும், மீண்ட வலிமையால் வெண்மையும் கருமையும் திரையில் அமையும். மேனியில் பூசும் கூழ் எதற்கெனின், தோலுக்கும் கருவிக்கும் இடையிற் காற்றுப் புகின் ஒலி உள்ளே செல்லாது திரும்பிவிடும் என்பதற்காகவே. படகின் அடியில் நின்று கடலாழம் காட்டும் கருவியும் இம்முறையினதே. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்குப் பிரெஞ்சு அறிஞர் லாஞ்செவின் கழியொலியைக் கடலிற் செலுத்தினார். இரும்பில் உள்வெடிப்பு உண்டா என்று தொழிற்சாலைகளில் ஒலியால் ஆராய்ந்ததைக் கண்ட கிளாஸ்கோ வைத்தியர் இயன் டொனால்ட், 1955இல், அறுத்தெடுத்த கட்டிகளைத் தம் மோட்டார் வண்டியிலேயே கொதிகலத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொண்டுசென்று அக்கருவியால் சோதித்தார். வயிற்றுக் கட்டிகளைப் பற்றி அவரும் துணைவரும் எழுதிய கட்டுரை 1958இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வந்தது. கத்தியுமின்றிக் கதிருமின்றி உயிருள்ள உடலின் உள்ளே நோக்கும் வழி அவ்வாறு திறந்தது.

இவ்வழி திறந்தபின், நோயற்ற மக்கள் பலரை வரிசையாகப் படுக்கவைத்து ஈரலை அளத்தல் எளிதாயிற்று. வலப்புறத்துக் காறையெலும்பின் நடுவிலிருந்து கீழிறங்கும் கற்பனைக் கோட்டிலே, ஈரலின் மேல் முகட்டிலிருந்து கீழ்நுனி வரை அளப்பது வழக்கம். ஜெர்மனியில் 2080 பேரை இவ்வாறு அளந்து கிராற்சரும் துணைவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, நம் வினாவுக்கு நேரான விடை தருகிறது. மொத்தச் சராசரி 14.0 சென்ரிமீற்றர், ஆடவர்க்கு 14.5, மகளிர்க்கு 13.5. பத்திலொருவர்க்குச் சற்று மேற்பட்டோரிடம் அது 16ஐத் தாண்டியது. ஈரலின் அளவைத் தீர்மானிப்பனவற்றுள் முதன்மையானவை யாவை என்று ஆராய்ந்தபோது, உயரமும், உயரத்துக்கு ஏற்ற நிறையைக் காட்டும் உடற்றிணிவுச் சுட்டியுமே முன்னின்றன. அஃதாவது, உடலைக் கருதாமல் ஈரலின் எண்ணை மாத்திரம் எழுதுவது, எழுவாயைச் சொல்லாமல் பயனிலையை மாத்திரம் எழுதுவது போன்றது.

எண் போலவே வடிவும் மாறும். வலப்பகுதியிலிருந்து நாக்குப் போல ஒரு நீட்சி கீழே தொங்குவதை ஜெர்மானிய அறுவை வைத்தியர் றீடெல் 1888இல் விளக்கினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அது நோயன்று; மகளிரிடத்து மிகுதியாகக் காணப்படுவது. சிலர்க்கு ஈரலின் இடப்பகுதி நீண்டு மண்ணீரலையே தொட்டு அணைத்துக் கிடக்கும். அதுவும் நோயன்று.

இனிப் பட்டணத்து வைத்தியர் கண்டதைக் கூறலாம். அவர் மாணவியின் உயரத்தையும் நிறையையும் முதலிற் கேட்டுக் குறித்துக்கொண்டார். பின் அவளைப் படுக்கவைத்து, “தங்கச்சி, மூச்சை நல்லா இழுத்துப் பிடியுங்கோ” என்று பன்முறை கூறியதாகத் தாய் சொன்னார். மூச்சை இழுக்கப் பிரிமென்றகடு தாழும். ஈரலும் விலாவின் மறைவிலிருந்து கீழிறங்கித் திரையில் முழுமையாகத் தோன்றும். வெளியே வந்து, மேசையிலிருந்த தாளொன்றில் வைத்தியர் எனக்கு ஓர் ஈரலை வரைந்து காட்டினார். நீளம் 18 என்பது சரியே. ஆனால் அதன் கீழ்ப்பகுதி வீங்கிய ஈரல் அன்று. நாக்குப் போன்ற நீட்சி. மேலிருந்து கீழாக நீண்ட அளவுக்கு முன்பின்னான தடிப்பு மிகவில்லை, இடப்பகுதியோ சிறியது. விளிம்பு கூர்மையாக இருந்தது. வீங்கிய ஈரலில் அது மழுங்கும். உள்ளே எங்கும் ஒரே சீரான தோற்றம். குருதிக் குழாய்களின் வரம்புகள் தெளிவு. குருதிச் சோதனைகளிலும் பிழையில்லை. “ஐயா, இது வருத்தமில்லை, பிள்ளையின்ரை உடல்வாகு” என்றார்.

உடல்வாகு! நான்கு வகையென மில்ஸ் வகுத்ததையும் 2080 பேரை அளந்து கண்டதையும் நம் பேச்சுவழக்குச் சொல் ஒன்று தன்னுள் அடக்கி வைத்திருந்தது.

அறிக்கை ஒன்று தமிழிலும் வேண்டும் என்று தாய் கேட்டார். வைத்தியர் சொல்லச் சொல்ல யான் எழுதினேன்: ‘ஈரல் நீண்ட வடிவினது, வலப்பகுதியிற் பிறவியிலேயே அமைந்த நாப்போன்ற நீட்சி உண்டு, உயரமும் மெலிவும் ஒடுங்கிய மார்பும் உடையார்க்கு இவ்வாறு கீழே தட்டுப்படுதல் இயல்பு, வீக்கமில்லை, நோயில்லை, மருந்து வேண்டா.’ அவர் கையொப்பமிட்டார். தாள் கனடாவுக்குச் சென்றது. அதன்பின் நடந்தவை அக்குடும்பத்துக்குரியவை, பத்திரிகைக்குரியவை அல்ல.

இவ்வளவில் நிறுத்தினால், மெலிந்தவர் ஈரலுக்கு அச்சமே இல்லை என்று யாரேனும் கொள்ளக்கூடும். அதற்கு நேர்மாறான செய்தியும் இதே கருவியிடமிருந்து வந்ததுதான். அச்செய்தி நம்மினத்தார்க்கு மிக நெருக்கமானது.

ஈரலிற் கொழுப்புச் சேர்ந்தால் எதிரொலி வலுக்கும். திரையில் அருகேயுள்ள சிறுநீரகத்தினும் ஈரல் வெளுத்துத் தோன்றும். ஆழ்ந்த பகுதி மங்கும். குழாய்களின் வரம்பு கலங்கும். பருத்த உடலினர்க்கே இது வரும் என்று மேல்நாட்டார் நெடுங்காலம் எண்ணினர். மதுவருந்துதலால் வரும் கொழுப்பினின்றும் இதனைப் பிரித்தே பேசுகிறேன். வங்காளத்துப் பீர்பூம் மாவட்டத்துச் சிற்றூர்களில் 1911 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவில், 8.7 விழுக்காட்டினர்க்கு ஈரற்கொழுப்பு இருந்தது. அவர்களுள் நான்கில் மூவர்க்கு உடற்றிணிவுச் சுட்டி 25க்கும் குறைவு. வெளியே எலும்பு, உள்ளே கொழுப்பு. நம் நாட்டில் ராகமையில் 35க்கும் 64க்கும் இடைப்பட்ட வயதினர் 2985 பேரைக் கழியொலியாற் பார்த்தபோது 974 பேர்க்கு, அஃதாவது 32.6 விழுக்காட்டினர்க்கு, ஈரற்கொழுப்புக் காணப்பட்டது; அவ்வாய்வு வெளிவந்தது 2009இல். உடலுழைப்பு மிக்க, வருவாய் குறைந்த ஊர்ப்புறத்து மக்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட மற்றொன்றிலும் அது 18 விழுக்காடாக இருந்தது. மண்வெட்டி பிடித்தவனையும் அது முற்றாக விட்டுவிடவில்லை.

இதன் காரணத்தை ஒரு படத்தால் உலகறியச் செய்தனர் இருவர். ஒருவர் புனா நகரத்து வைத்தியர் யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்து வைத்தியர் யுட்கின். 2004இல் ‘லான்செற்’ இதழில் இருவரும் அருகருகே நின்ற படம் வெளிவந்தது. இருவர்க்கும் உடற்றிணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. பார்வைக்கும் இருவரும் மெலிந்தவரே. ஆயின் உடற்கொழுப்போ இங்கிலாந்தவர்க்கு 9.1 விழுக்காடு, இந்தியர்க்கு 21.2. தசை குறைந்து கொழுப்பு மிகுந்த மெலிவு நம்முடையது. அதே 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 25 என்னும் எல்லை வரை காத்திராது 23இலிருந்தே விழிப்புக்கொள்ளலாம் எனக் கூறியது.

நிறையை நிறுத்துப் பார்த்து நிறைவடைந்துவிடும் நம் ஆசிரியர் உலகத்தினர் இதனைச் சிறிது எண்ணிப்பார்த்தல் நலம். எங்கள் தீவில் முன்பெல்லாம் குறிகட்டுவான் துறை வரை மிதிவண்டியிலே செல்வோம். இன்று அடுத்த வட்டாரத்துக்கும் மோட்டார்ச் சைக்கிள். ஒடியற்பிட்டுக்கு ஈடாகக் கோதுமைமாப் பாண் வந்து பல்லாண்டுகள் ஆயின. இடுப்பு அளவு சிறிது பெருக்கினும் கைகால் மெலிந்திருப்பதனால் கண்ணாடி நமக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கருவிக்கும் எல்லை உண்டு. ஈரற்கொழுப்பு ஐந்திலொரு பங்கினும் குறைவாயின் கழியொலி பெரும்பாலும் அதனைத் தவறவிடும். பருத்த உடலில் ஒலி தோலடிக் கொழுப்பிலேயே வலுவிழக்கும். ஆகவே ஈரலைக் காண வேண்டியவரிடத்திலேயே அது சரியாகத் தெரிவதில்லை. ஒடுங்கிய மார்பிலோ விலாவெலும்புகள் நெருங்கி நின்று வழிமறிக்கும். உடல்வாகு ஈரலை மாத்திரம் மாற்றவில்லை. ஈரலைக் காணும் கண்ணையும் மாற்றுகிறது. பிடிக்கும் கையின் பயிற்சியையும் இது பெரிதும் சார்ந்தது. ஒரே ஈரலை இருவர் அளந்து இரண்டு எண் கூறுதல் இயல்பே.

ஈரலைப் பகிர்ந்தளிக்கும் அறுவைச் சிகிச்சையில் இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகவே வந்து நிற்கும். பெறுபவர்க்கு எவ்வளவு ஈரல் போதும் என்பதை உடற்பரப்பைக் கொண்டு கணிக்கும் சூத்திரம் ஒன்றை யப்பானியர் உறாற்றா முதலியோர் 1995இல் தந்தனர். மேல்நாட்டார்க்கென வோத்தே முதலியோர் 2002இல் வேறொன்று தந்தனர். இவை கழியொலியால் அன்றிக் கணினிக் கதிர்ப்படத்தால் அளந்து பெற்றவை. உடற்பரப்பு 1.7 சதுர மீற்றர் உடைய ஒருவர்க்கு முன்னதன்படி 1203 மில்லிலீற்றர், பின்னதன்படி 1360. இடைவெளி ஏறத்தாழ ஒரு தேநீர்க் கோப்பை. எம்மக்களை அளந்து பெற்ற சூத்திரத்தால் எம்மக்களைக் கணிக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

வைத்திய அன்பர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஸ்கான் அறிக்கையின் தலையில் பெயரும் வயதும் எழுதுவது போல உயரமும் நிறையும் இடுப்புச் சுற்றளவும் உடல்வாகும் எழுதுங்கள். ‘பெருத்துள்ளது’ என்று எழுதுமிடத்து, எந்த உடலுக்குப் பெருத்துள்ளது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கீழே இரண்டு வரி தமிழிலும் இருக்கட்டும். சொல் கிடைக்கவில்லையெனின் எங்களை அழையுங்கள். மடத்துவெளியிலிருந்து பட்டணத்துக்கு ஒரு பேருந்து தூரம்தான்.